இருபத்திரண்டு நிமிடப் பாட்டு

மயூர் விஹாரில் எங்கள் சனிக்கிழமை பஜனைக் கோஷ்டியில் அப்போது பதினோரு பேர் இருந்தோம். இன்று நால்வர். நால்வரில் ஒருவருக்குக் காது கேட்காது. ஆகவே மூன்றரை என்று வைத்துக்கொள்வதுதான் சரி. அந்தப் பதினோரு பேரில் என்னைக் கழித்து மீதிப் பத்துப் பேர், ஒரு மே மாதத்து மத்தியானம், நைஜீரியாவிலிருந்து வந்திருந்த ஓர் இக்போ இனத்துப் பாடகருக்குப் பின்பாட்டுப் பாடினார்கள். அவரைப் பற்றியும் அந்தப் பாட்டு என்ன ஆயிற்று என்பதைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. கோஷ்டியில் காலமானவர்களின் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். டெல்லியில் வளர்ந்த பிள்ளைகள், தமிழ் படிக்க வராது. ஆனால் யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள்.

டெல்லியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த நான், எழுபத்தேழில் ஒப்பந்தத்தின் பேரில் நைஜீரியாவுக்குப் போனேன். எண்ணெய்க் காசு புரண்ட காலம். அவர்களுக்கு வாத்தியார்கள் வேண்டியிருந்தது, எங்களுக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. நைஜர் ஆற்றங்கரையில் பெரிய சந்தை ஊர் ஒன்று. அங்கே மாடி வீடொன்றின் கீழ்ப் பகுதியில் நானும் என் மனைவியும் ஆறு வருஷம் குடியிருந்தோம். வீட்டுக்காரர் பாடகர் என்று பள்ளியில் சொன்னபோது யாரோ சாதுவான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் நான்கு மணிக்குப் பின்கட்டில் ஒன்பது பேர் கூடினார்கள். இரண்டு கித்தார், ஒரு பேஸ் கித்தார், மூன்று முரசு, ஒரு இரும்பு மணி, இரண்டு பேர் குரலுக்கு. சுவர் அதிரும். முதல் மாதம் என் மனைவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமைத்தாள். நான்காவது மாதம் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது அந்த மெட்டையே முனகிக்கொண்டிருந்தாள்.

நான் விரலை மடக்கித் தாளம் போட்டுப் பார்ப்பேன். எட்டில் நிற்கும், ஆனால் மணி மட்டும் எட்டுக்குள் அடங்காமல் எங்கெங்கோ விழும். ஒருநாள் வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன எண்ணுகிறாய், மாஸ்டர்?"

"உங்கள் மணி தப்பாக விழுகிறது, சீஃப்."

ஊரில் எல்லோரும் அவரை சீஃப் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. அவர் உள்ளே திரும்பி, "டேய், நம் மணி தப்பாம். கணக்கு வாத்தியார் சொல்கிறார்" என்று கத்தினார். ஒன்பது பேரும் சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் பத்து வயதில், கள்ளுக்கடையில் கித்தார் வாசித்த ஒருவரின் பின்னால் அலைந்து கற்றுக்கொண்டவர். இருபதில் ஒரு ஓட்டலில் நிரந்தரக் குழு. பிறகு அந்த உள்நாட்டுப் போர். இரண்டரை வருஷம், தனி நாடு கேட்ட பியாஃப்ராவின் சிப்பாய்களுக்காகக் காட்டுக்குள் பாடினார். போர் முடிந்து வெளியே வந்தபோது கித்தாரில் ஒரு நரம்புகூட இல்லை. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து இழுத்துக் கட்டினாராம். அந்தக் கித்தாரோடு அவரும் இன்னொருவரும் முதலில் வாசித்தது சாவு வீடுகளில். போர் முடிந்த ஊரில் அதற்குத்தான் தேவை அதிகம். அதன் பிறகு இசைத்தட்டுகள். நான் அங்கே இருந்த ஆறு வருஷத்தில் ஏழு தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, பதினெட்டு நிமிடம், இருபது நிமிடம். விருந்துகளில் பாட்டுக்குள் ஒருவர் பெயர் சொல்லப்பட்டால் அவர் எழுந்து ஆடியபடியே வந்து சீஃப்பின் நெற்றியில் நோட்டை ஒட்டுவார். வியர்வையில் அது நிற்கும்.

அந்த இசைக்கு ஹைலைஃப் என்று பெயர். அதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது புரிய அது வேண்டும். பாடுகிறவர் ஒரு வரியில் கேட்பார். பின்பாட்டு வேறு வரியில் பதில் சொல்லும். பதில் எப்போதும் ஒன்றே. கேள்விதான் சுற்றிச் சுற்றி மாறும். சீஃப் கேட்டால் முதலில் பதில் சொல்வது அந்த இன்னொருவர், சாவு வீடுகளில் ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவர். இரண்டாவது கித்தாரும் அவரே. அவர் சொன்ன பிறகே மற்றவர்கள் சேர்வார்கள். இருபத்தொன்பது வருஷம் இப்படி. இருவரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்: யார் முதலில் போகிறாரோ அவருடைய சடங்கில் மற்றவர் பாட வேண்டும்.

எண்பத்துமூன்றில் நாங்கள் திரும்பிவிட்டோம். அதன்பின் கடிதம்தான், வருஷத்துக்கு இரண்டு. தட்டு அச்சடிக்கும் ஆலை மூடிவிட்டது என்று ஒன்று. நம் பாட்டைச் சந்தையில் திருட்டு கேசட்டாக விற்கிறவன் நம் பாட்டிலேயே புகழப்பட்டவன் என்று ஒன்று. ஒன்பது பேர் ஆறானார்கள், நான்கானார்கள். தொண்ணூற்றெட்டில் என் மனைவி போனதை எழுதினேன். புளி கரைக்கும்போது பாடியவளுக்கு நான் இங்கே ஒரு முறை பாடிவிட்டேன் என்று பதில் வந்தது.

இரண்டாயிரத்தொன்றில் ஏப்ரல் கடைசியில் அவரே வந்து இறங்கினார். தொண்டையில் கரகரப்பு, ஆறு மாதமாக. அங்கே பார்த்த டாக்டர் இந்தியாவுக்குப் போ என்று சொல்லிவிட்டார். விமான நிலையத்தில் நான் எதிர்பார்த்தது கட்டுமஸ்தான ஓர் ஆளை. வந்தவர் என்னைவிட இளைத்திருந்தார். கையில் ஒரு பெட்டி, முதுகில் கித்தார்.

என் பிள்ளைகளில் ஒருவன் அமெரிக்காவில், ஒருத்தி புனேயில். அறை காலியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளே அடுக்குமாடிச் சொசைட்டி செக்ரட்டரி கதவைத் தட்டினார். "அங்கிள்ஜி, கெஸ்ட் கித்னே தின் ருகேகா?" எத்தனை நாள் தங்குவார் என்று இதற்கு முன் என் எந்த விருந்தாளியைப் பற்றியும் அவர் கேட்டதில்லை. மருத்துவத்துக்காக வந்திருக்கிறார், தெரியாது என்றேன். "அச்சா, அச்சா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவரைக் கண்டால் ஆட்டோக்காரர்கள் நிறுத்தமாட்டார்கள். நான் முன்னால் நின்று கை காட்டி, வண்டி நின்ற பிறகு அவர் மரத்தடியிலிருந்து வர வேண்டும். அவர் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்து கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். நான்தான் ஒவ்வொரு முறையும் கொதித்துப்போய் ரத்த அழுத்த மாத்திரையைத் தேடினேன்.

குரல்வளையில் புற்று. முப்பத்துமூன்று தடவை கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து, மே மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை ஆரம்பம். "குரல் திரும்புமா?" என்று நான் கேட்டேன். டாக்டர் இளைஞர், தங்கமானவர். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, ஆரம்பித்த பிறகு பாடவே கூடாது என்றார். 

அதே வாரம் சீஃப்பின் மகள் எனுகு நகரத்திலிருந்து போன் செய்தாள். இரண்டாவது கித்தார்க்காரர் முந்தைய வருஷமே இறந்துவிட்டார், எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வழக்கத்தில் புதைப்பது ஒன்று, பெரிய சடங்கு செய்து வழியனுப்புவது வேறொன்று. அதற்குப் பணமும் ஆட்களும் சேர வருஷம்கூட ஆகும். இப்போது பெரியவர்கள் ஜூன் மாதத்தில் நாள் குறித்துவிட்டார்கள். சீஃப்பால் போக முடியாது. ஏற்பாட்டின்படி பாட வேண்டியவர் அவர்.

"கேசட்டில் பாடி அனுப்பிவிடுகிறேன்" என்றார். பஹாட்கஞ்ச் லாட்ஜில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், திருப்பூரிலிருந்து பனியன் மூட்டை வாங்கிப் போகிற வியாபாரி. ஞாயிறு இரவு அவர் விமானம் ஏறுகிறார். திங்கள் காலை கதிர்வீச்சு. ஆகவே சனிக்கிழமைக்குள் பாட வேண்டும். பிறகு பாட முடியுமா என்பதே தெரியாது.

புதன்கிழமை தனியாகப் பாடிப் பார்த்தார். கேள்வி வரியை மூன்று முறை பாடினார், நிறுத்திவிட்டார். "பதில் வராவிட்டால் கேள்வி எங்கே போய் உட்காரும், மாஸ்டர்? என்னால் முடியவில்லை. ஆட்கள் வேண்டும்." பனியன் வியாபாரிக்குப் பாட்டு வராது, அவருக்கு மூட்டைக் கவலை. ஞாயிற்றுக்கிழமை அவர் போன தேவாலயத்தில் பார்த்த நைஜீரிய மாணவர்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அவர்களில் இக்போக்காரர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது.

எனக்குத் தெரிந்த பாடுகிற ஆண்கள் பத்துப் பேர். எங்கள் கோஷ்டியை நடத்தியவர் ரயில்வே போர்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர், நல்ல சாரீரம். நாங்கள் அவரைப் பாகவதர் என்போம். அவரிடம் போய்ச் சொன்னபோது பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்த திருநெல்வேலிக்காரரும் உடன் இருந்தார். இருவரும் முப்பது வருஷ சிநேகிதர்கள். ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை.

"ஓய், ஒரு நாமம் கிடையாது, ஒரு சுவாமி கிடையாது. இந்தப் பாட்டுக்கு நான் எப்படிய்யா வாயைத் தொறக்கறது?" என்றார் பாகவதர்.

"அர்த்தம் என்னன்னு கேளும்வே முதல்ல" என்றார் திருநெல்வேலிக்காரர்.

சொன்னேன். வழியில் களைத்து விழுந்தவனை யார் தூக்குவது என்று அவர் கேட்பார். நாங்கள் தூக்குவோம், வீடு வரைக்கும் என்று நாம் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"இதுல என்னவே குத்தம் கண்டீரு? நாளைக்கு உம்மயும் எவனாவது தூக்கணும்லா?"

"என்னைத் தூக்க நீர் வருவீராக்கும்? உம்ம முட்டிக்கு உம்மையே தூக்க முடியலை, பஸ்ல ஏத்திவிட ரெண்டு பேர் வேண்டியிருக்கு."

"அப்ப உருட்டிட்டுப் போவோம். ஆள் உருண்டையாத்தான இருக்கீரு."

பாகவதர் சிரித்துவிட்டார். சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை என் வீட்டில் ஒத்திகை. பதில் வரி சின்னதுதான். இக்போ மொழியில் ஐந்தாறு சொல். சீஃப் குரலைச் செலவழிக்காமல் இருக்க, கேள்வியைப் பாடாமல் மெதுவாகப் பேசினார். கித்தாரில் மட்டும் மெட்டைக் காட்டினார். பன்னிரண்டு முறை கேட்டார். பன்னிரண்டு முறையும் பத்துப் பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். உச்சரிப்புகூடப் பரவாயில்லை என்றார். காபி கொடுத்தேன். திருநெல்வேலிக்காரர், "இவரு ஊர்ல நம்ம பேரு ரெக்கார்டுல வருமா?" என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொருவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் சீஃப் கேட்டுத் தெரிந்துகொண்டார். பாட்டின் முடிவில் சொல்கிறேன் என்றார். அன்று எல்லோரும் சந்தோஷமாகத்தான் படியிறங்கினார்கள்.

சனிக்கிழமை மூன்று மணி. மின்வெட்டுக்குப் பயந்து டேப் ரெக்கார்டரில் ஆறு பெரிய பேட்டரி போட்டிருந்தேன். பக்கத்து பிளாக் பையனிடம் இரவல் வாங்கிய மைக் ஒன்று, நடுவில் ஸ்டூலின் மேல். மின்விசிறிச் சத்தம் விழும் என்று அதை அணைத்தாயிற்று, ஜன்னலைச் சாத்தியாயிற்று. டெல்லி மே மாதத்தில் அது என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பத்துக் கிழவர்களும் பாயில் அரைவட்டமாக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். பாகவதர் பழக்கப்படி நெற்றியில் விபூதி இட்டு வந்திருந்தார். சீஃப் கட்டிலின் விளிம்பில். நான் பொத்தானை அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

கித்தார் ரொம்ப நேரம் தனியாகப் போயிற்று. இரண்டாவது கித்தாருக்கு இடம் விட்டு விட்டு வாசித்தார். ஒருவர் பேசிக்கொண்டே போய், பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று நினைத்து அவ்வப்போது நிறுத்துவது மாதிரி இருந்தது. பிறகு வாயைத் திறந்தார். இரண்டு வாரமாக அந்த வீட்டில் கரகரத்த தொண்டையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கிருந்தோ முழுக் குரல் வந்தது. யார் தூக்குவது என்று கேட்டு, நீட்டி, கீழே இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பாகவதர் கண்ணை மூடியிருந்தார். உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. அப்படியே, அதே சுருதியில், அதே இறக்கத்தோடு, கொஞ்சம் கூடுதல் உருக்கத்தோடு அந்தக் கேள்வியையே திருப்பிப் பாடினார். ஒன்பது பேரும் அவர் பின்னால்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பஜனையில் முன்னால் பாடுகிறவர் ஒரு அடி பாடினால் கோஷ்டி அதையே திருப்பிப் பாட வேண்டும். முப்பது, நாற்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் செய்தது அது. வியாழக்கிழமை அவர் பேசினார், இவர்கள் பதில் பேசினார்கள். இன்று அவர் பாடிவிட்டார். பாடின அடியைக் கேட்டதும் தொண்டை தானாகத் திறந்து அதையே எடுத்துக்கொண்டது.

சீஃப் கண்ணைத் திறந்து பார்த்தார். நிறுத்தவில்லை. அவர்கள் வாசிப்பில் நடுவில் நிறுத்துவது என்பது கிடையாது. தவறினால் அடுத்த சுற்றில் சரிசெய்துகொள்வார்கள். இரண்டாவது கேள்வி கேட்டார். அதுவும் அப்படியே திரும்பி வந்தது. பதில் வரியைக் கித்தாரில் அழுத்தி வாசித்து அவர்கள் பக்கம் சாய்ந்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் ஓங்கிப் பாடினார்கள். நான் ரெக்கார்டருக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் கையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. திருநெல்வேலிக்காரர் என் கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். நான் தாளம் போடுகிறேன் என்று அவருக்கு நினைப்பு. பக்கத்தில் இருந்தவரும் போட்டார். பொத்தானை நிறுத்தவும் கை வரவில்லை. அந்தக் குரல் இன்னொரு முறை வரும் என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை.

பதினைந்தாவது நிமிடத்துக்கு மேல் குரல் விரிசல் விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு கேள்வியும் அவர் வாயிலிருந்து பாதியாக வந்தது, கோஷ்டியிடமிருந்து முழுதாகத் திரும்பிப் போயிற்று. ஒரு கட்டத்தில் பதிலை அவரே பாடிப் பார்த்தார், அவர்கள் கேள்வியின் மேலேயே. கேட்கவில்லை. இருபத்திரண்டாவது நிமிடம் கித்தார் நின்றது. யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லக் குரல் இல்லை.

பாகவதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஸார், எத்தனை வருஷமா பஜனை பண்றேன். இப்படி ஒரு நாள் லயிச்சதில்லை. அவர்கிட்டே சொல்லுங்கோ." சொன்னேன். சீஃப் எழுந்து பத்துப் பேரின் கையையும் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். ஒவ்வொருவராக, விடாமல். அவர்கள் போகும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

ஞாயிறு காலை போட்டுக் கேட்டோம். முழுவதும். முடிந்ததும், காற்றாக வந்த குரலில், "கேள்வியை நன்றாகக் கேட்கிறார்கள், மாஸ்டர். நான்கூட இவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை" என்றார்.

"இதை அனுப்ப வேண்டாம், சீஃப்."

"அனுப்பாவிட்டால் நான் பாடவில்லை என்று ஆகும்."

லக்ஷ்மி நகர் ஸ்டுடியோவில் ஒரு பிரதி எடுத்து, மாலையில் பஹாட்கஞ்ச் போய் வியாபாரியின் பனியன் மூட்டைகளுக்கு நடுவில் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூலம் என்னிடம் தங்கியது.

கதிர்வீச்சின் மூன்றாவது வாரத்தில் மகள் போன் செய்தாள். பெரியவர்கள் சடங்குக்கு முன்னால் கேசட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். சீஃப் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார், பிறகு என்னிடம் எழுதிக் காட்டினார். அப்போது அவர் எழுத ஆரம்பித்திருந்தார். 'யார் இந்தக் கிழவர்கள் என்று கேட்கிறார்கள். செத்தவனை யார் தூக்குவது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, ஒருவன்கூடத் தூக்குகிறேன் என்று சொல்லவில்லையே, இதைச் சாவு வீட்டு முற்றத்தில் போடமாட்டோம் என்கிறார்கள். பாட வேண்டியவன் வந்து பாடட்டும் என்கிறார்கள்.'

போகிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். கதிர்வீச்சு முப்பத்துமூன்றில் பதினான்கு ஆகியிருந்தது. நான் காகிதத்தில் கழித்துக் காட்டினேன். பத்தொன்பது பாக்கி, நாலு வாரம்கூட இல்லை. ஒரு வருஷம் காத்திருந்த சடங்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும் என்றேன். டாக்டர், நடுவில் விட்டால் ஆரம்பிக்காததற்குச் சமம் என்று கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார். கழுத்துத் தோல் கறுத்து உரிய ஆரம்பித்திருந்தது, பச்சைத் தண்ணீர் விழுங்கவே கண்ணீர் வந்தது. எந்தக் குரலை வைத்துப் பாடுவீர்கள் என்று நான் கத்தினேன். என் காகிதத்தை வாங்கி, நான் போட்ட கணக்குக்குக் கீழே எழுதினார்: 'நான் போனால் கேள்வி மட்டும் போதும். அங்கே பதில் சொல்ல ஊரே இருக்கிறது.'

அடுத்த விமானத்தில் போய்விட்டார். வழியனுப்பத் திருநெல்வேலிக்காரரும் வந்தார். "நம்ம ரெக்கார்டு அங்க எப்படிப் போச்சு, கேளும்" என்றார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சீஃப் தலையை ஆட்டினார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

குறித்த நாளில் சடங்கு நடக்கவில்லை. இறந்தவரின் இரண்டு தம்பிகளுக்குள் நிலத் தகராறு. ஒருவன் வரமாட்டேன் என்றான். ஆகஸ்டுக்குத் தள்ளினார்கள், பிறகு அறுவடை முடியட்டும் என்றார்கள். இதற்காகவா ஓடினீர்கள் என்று நான் எழுதிய கடிதத்துக்கு அவர் பதில் எழுதவில்லை. அங்கே காத்துக்கொண்டே இருந்தார். அக்டோபரில் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். டிசம்பரில், பாலைவனத்துப் புழுதிக் காற்று ஆரம்பித்த வாரம், இறந்துபோனார். பாடவில்லை.

பிப்ரவரியில் மகள் மறுபடி போன் செய்தாள். தம்பிகள் சமாதானமாகிவிட்டார்கள். சீஃப், அவர் நண்பர் இருவருக்கும் சேர்த்து ஒரே சடங்கு, ஈஸ்டர் முடிந்ததும். ஊரில் அவருடைய பழைய தட்டுகள் இருக்கின்றன. ஆனால் நண்பருக்காகப் பாடியது என்று இருப்பது அந்த ஒன்றுதான். அதைப் போட வேண்டும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். "சார், அதிலிருந்து அந்த வயதானவர்களின் குரலை எடுத்துவிட முடியுமா?"

லக்ஷ்மி நகர் ஸ்டுடியோவுக்கு மூலத்தை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவன் இரவு முழுவதும் நடக்கும் ஜாக்ரண் பாட்டுகளைப் பதிவு செய்கிறவன், தொழில் தெரிந்தவன். காதில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கேட்டான்.

"ஏக் ஹீ மைக் தா, அங்கிள்?"

ஆமாம், ஒரே மைக்தான் என்றேன்.

"சாய் மே ஸே தூத் கைஸே நிகாலூன்?"

டீயில் கலந்த பாலை எப்படி எடுப்பது என்று கேட்கிறான். அந்த இடங்களை மட்டும் வெட்டிப் பார் என்றேன். வெட்டினான். கித்தாரும் கூடவே போயிற்று, தாளம் நொண்டியது. பின்பாதியில் அவருடைய கரகரப்பும் கோஷ்டியின் குரலும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அவன் பணம் வாங்க மறுத்துவிட்டான்.

மகளிடம் சொன்னேன்.  அழுவாளோ என்று நினைத்தேன், அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"முதல் கேள்வி சுத்தமாக இருக்கிறதா, சார்?"

இருந்தது. கித்தார் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. பிறகு அவர் குரல் பதினொரு விநாடி. பாகவதர் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி.

"அது போதும். அதுவரைக்கும் மட்டும் போட்டு அனுப்புங்கள். பின்னால் ஒன்றும் இருக்க வேண்டாம், நிறுத்த மறந்துவிடுவார்கள்."

நான்காவது முறையாகப் போனேன். அவன் அறுபது நிமிட கேசட் ஒன்றைப் பிரித்து, அந்த இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு விநாடியை அதில் ஏற்றினான். ஏற்றிவிட்டு, மீதியில் வேறு ஏதாவது பாட்டுப் போடவா, காலியாக விடவா என்று கேட்டான்.

காலியாகவே இருக்கட்டும் என்றேன்.